மின்நிலையத்தை மேடையாக்கிய குவோ பாவ் குன்

1988ஆம் ஆண்டு. சிங்கப்பூரில் ஒரு சிறிய அரங்கு. மேடையில் ஒரு சீன மூதாட்டி, காணாமற்போன தம் பூனையைத் தேடி அலைகிறார். அவருக்குத் தெரிந்த மொழி ஹொக்கியன். எதிரே வருகிறார் ஒரு தமிழ் முதியவர். அவரும் தம் பூனையைத் தேடிக்கொண்டுதான் வருகிறார். அவர் பேசுவது தமிழ். மூதாட்டி சொல்வது முதியவருக்குப் புரியாது. முதியவர் சொல்வது மூதாட்டிக்குப் புரியாது. ஆனாலும் கை அசைவாலும் குரலாலும் இருவரும் பேசத் தொடங்குகிறார்கள். சற்று நேரத்தில் ஒருவர் மனத்தில் உள்ளது மற்றவருக்கு விளங்கிவிடுகிறது. பெற்ற பிள்ளைகளுக்கு விளங்காத அந்தத் தாயின் பேச்சு, முன்பின் அறியாத ஒரு தமிழருக்கு விளங்குகிறது.

‘பூனையைத் தேடும் அம்மா’ என்னும் அந்த நாடகத்தை உருவாக்கியவர் குவோ பாவ் குன். சிங்கப்பூர் நாடக உலகின் முன்னோடி என்று போற்றப்படும் அவர், அந்த நாடகம் மேடையேறிய நாளில் சிங்கப்பூர்க் குடிமகன் அல்லர். அவருடைய குடியுரிமை 1977ல் பறிக்கப்பட்டிருந்தது. தமக்கே நாட்டில் உறுதியான இடம் இல்லாத காலத்தில்தான் அவர் மற்றவர்களுக்கு இடம் தேடிக்கொண்டிருந்தார்.

நாடகாசிரியர், இயக்குநர், ஆசிரியர் என்ற மூன்று முகங்களால் குவோவைப் பலரும் அறிவார்கள். நான்காவது முகம் ஒன்று உண்டு. ஆட்களைச் சேர்ப்பது, அனுமதி பெறுவது, பணம் திரட்டுவது, வாடகை கட்டுவது, அரங்கின் கதவைத் திறந்து வைப்பது என்று அலைந்த தயாரிப்பாளர், கலை நிர்வாகி என்னும் முகம் அது. நாடகம் எழுதுவதைக் காட்டிலும் அதை நடத்த ஒரு கூரை தேடுவது கடினம் என்பது மேடையேறிய அனைவருக்கும் தெரியும். அந்தக் கடினமான வேலையை குவோ நாற்பது ஆண்டுகளுக்கு அருகில் செய்தார்.

வானொலியிலிருந்து மேடைக்கு

குவோ 1939ல் சீனாவின் ஹெபெய் மாநிலத்தில் ஒரு சிற்றூரில் பிறந்தார். தந்தை சிங்கப்பூரில் வணிகம் செய்துவந்தார். 1949ல், பத்து வயதில், மகனும் இங்கு வந்து சேர்ந்தார். அது மாணவர் போராட்டங்களும் வேலைநிறுத்தங்களும் மலிந்த காலம். சீனப் பள்ளிகள் கொந்தளித்துக்கொண்டிருந்தன. ஒரு பள்ளியில் கலவரம் என்றால் தந்தை மகனை வேறு பள்ளிக்கு மாற்றிவிடுவார். இப்படியே பல பள்ளிகள் மாறிப் படித்த பிள்ளை அவர்.

பதினைந்து பதினாறு வயதில் ரெடிஃப்யூஷன் கம்பிவழி வானொலியின் மாண்டரின் நாடகப் பிரிவில் சேர்ந்தார். அந்நாளில் ரெடிஃப்யூஷன் பெட்டி இல்லாத காப்பிக் கடை அரிது. குரலை மட்டும் கொண்டு ஒரு மனிதனைக் கேட்பவர் கண்முன் நிறுத்தும் வித்தையை குவோ அங்கே கற்றார். பின்னாளில் அவர் எழுதிய ஒற்றை நடிகர் நாடகங்களில் தெரியும் கதைசொல்லும் சுகம் வானொலி தந்த சொத்து என்றே சொல்லத் தோன்றுகிறது.

1959ல் ஆஸ்திரேலியா சென்று, மெல்பர்னில் ஆஸ்திரேலிய வானொலியின் மாண்டரின் பிரிவில் மொழிபெயர்ப்பாளராகவும் அறிவிப்பாளராகவும் பணியாற்றினார். பிறகு சிட்னியில் தேசிய நாடகக் கலைக் கழகத்தில் இரண்டாண்டுப் பயிற்சி. அவர் அங்கே எடுத்துக்கொண்டது நடிப்பு வகுப்பு அன்று, தயாரிப்பு வகுப்பு. ஒரு நாடகத்தின் ஒளி, ஒலி, மேடையமைப்பு, கால அட்டவணை, செலவுக் கணக்கு எல்லாம் சேர்ந்ததுதான் நாடகம் என்ற பாடம் அது.

1965ல் சிங்கப்பூர் திரும்பினார். ஜூலை முதல் நாள், மெல்பர்னில் பாலே பயின்ற நடனக் கலைஞர் கோ லே குவானை மணந்தார். அதே நாளில் இருவரும் சேர்ந்து ஒரு நிகழ்கலைப் பள்ளியைத் தொடங்கினார்கள். திருமண நாளும் பள்ளியின் பிறந்தநாளும் ஒன்று. அடுத்த மாதமே சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்து தனி நாடாயிற்று. நாட்டைவிட ஒரு மாதம் மூத்த பள்ளி அது. நாடகமும் நடனமும் ஒரே கூரையின்கீழ், முறையான பாடத்திட்டத்தோடு கற்பிக்கப்பட்டன.

அந்தப் பள்ளியிலிருந்து மேடைக்கு வந்தவற்றுள் ஜெர்மானிய நாடகாசிரியர் பிரெக்டின் ‘காக்கேசிய வெண்கட்டி வட்டம்’ குறிப்பிடத்தக்கது. 1968ல் குவோ தம் முதல் சொந்த நாடகத்தை எழுதினார். அடுத்த ஆண்டு எழுதிய ‘போராட்டம்’ தடை செய்யப்பட்டது. தொழிற்சாலைகள் எழும்பி, கம்போங்குகள் சரிந்துகொண்டிருந்த காலம் அது. குவோவும் மாணவர்களும் தொழிலாளர், மீனவர், விவசாயிகள் வாழும் இடங்களுக்கே சென்று, அவர்களோடு வேலை செய்து, அந்த அனுபவத்தைக் கொண்டு நாடகமும் நடனமும் படைத்தார்கள். அரசாங்கத்தின் பார்வையில் அது வெறும் கலைப்பணியாகப் படவில்லை.

நான்கு ஆண்டு ஏழு மாதம்

1976 மார்ச் மாதம் குவோவும் மனைவியும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் கைது செய்யப்பட்டார்கள். கம்யூனிஸ்ட் நடவடிக்கைகளில் தொடர்பு என்பது குற்றச்சாட்டு. அந்தச் சட்டத்தின்கீழ் நீதிமன்ற விசாரணை கிடையாது. கோ லே குவான் சில மாதங்களில் விடுவிக்கப்பட்டார். குவோ நான்கு ஆண்டு ஏழு மாதம் உள்ளே இருந்தார். இடையில், 1977ல், குடியுரிமையும் போயிற்று. கைதானபோது அவர்களின் இரு பெண் பிள்ளைகளில் மூத்தவருக்கு ஒன்பது வயதுகூட நிறைந்திருக்காது. இளையவர் அதைவிடச் சிறியவர்.

1980 அக்டோபரில் விடுதலையானார். ஆனால் வசிக்கும் இடத்திலும் பயணத்திலும் கட்டுப்பாடுகள் 1983 வரை நீடித்தன.

இப்படி ஒருவர் வெளியே வந்தால் என்ன செய்வார்? ஒதுங்கிவிடலாம். கசப்பை மட்டும் எழுதிக்கொண்டிருக்கலாம். அப்படிச் செய்திருந்தாலும் யாரும் குறை சொல்ல முடியாது. குவோ செய்தது வேறு. 1982ஆம் ஆண்டுக் கலை விழாவுக்காகப் பதினான்கு சீன நாடகக் குழுக்கள் ஒன்றிணைந்து ‘சின்னஞ்சிறு வெள்ளைப் படகு’ என்ற நாடகத்தை மேடையேற்றின. எழுதியவர் குவோ. நாடகக் குழுக்களோடு பழகியவர்களுக்கு இதன் பொருள் தெரியும். இரண்டு குழுக்களை ஒரே ஒத்திகைக் கூடத்தில் உட்கார வைப்பதே பெரும்பாடு. பதினான்கு குழுக்கள் ஒரே நாடகத்தில் சேர்ந்தது சாதாரணச் செய்தி அன்று. விடுதலையாகி இரண்டே ஆண்டுகளில், கட்டுப்பாடுகள் நீங்காத நிலையில் அது நடந்தது.

சிறைக்கு முன்னும் பின்னும் அவர் நாடகங்களில் தெரியும் மாற்றம் கவனிக்கத்தக்கது. முன்பு குரல் உயர்ந்து ஒலித்தது. பின்பு அது தணிந்தது, நகைச்சுவை சேர்ந்தது, கூர்மையும் கூடியது.

குழியும் சவப்பெட்டியும்

1984ல் எழுதிய ‘குழிக்குப் பெரிய சவப்பெட்டி’ ஒரே ஒரு நடிகர் நடிக்கும் நாடகம். ஆங்கிலத்திலும் மாண்டரினிலும் குவோவே எழுதினார். கதை மிக எளிது. தாத்தா இறந்துவிடுகிறார். தமக்கென்று அவர் செய்து வைத்திருந்த சவப்பெட்டி பழைய காலத்துப் பெரிய பெட்டி. இடுகாட்டுக்குப் போனால் குழி சிறியது. எல்லாக் குழிகளும் ஒரே அளவு. விதிப்படி ஒருவருக்கு ஒரு குழிதான். பேரன் அதிகாரியிடம் ஓடுகிறான். அதிகாரிக்கு விதி முக்கியம். பேரனுக்குத் தாத்தா முக்கியம். ஊரே கூடி நிற்கிறது. கடைசியில் விதிவிலக்கு அளிக்கப்படுகிறது. அதிகாரிக்கு மனிதாபிமானி என்ற பெயரும் புகழும் கிடைக்கின்றன. பேரனின் மனம் மட்டும் அமைதியடையவில்லை. எல்லாரும் ஒரே அளவுக் குழிகளில் வரிசையாகக் கிடந்தால், நாளைக்கு நம் பிள்ளைகளுக்கு நம்மை எப்படி அடையாளம் தெரியும் என்ற கேள்வி அவனைத் துரத்துகிறது.

பார்வையாளர்கள் சிரித்துக்கொண்டே பார்த்த நாடகம் அது. எந்த அலுவலக முகப்பிலும் கையில் படிவத்தோடு நின்ற அனுபவம் உள்ளவர்களுக்கு அந்தச் சிரிப்பின் காரணம் தெரியும். 1998 முதல் சிங்கப்பூரில் புதைகுழிக்குப் பதினைந்து ஆண்டுக் காலவரம்பு வந்தது. அதன்பின் அந்தப் பேரனின் கேள்வி இன்னும் கனத்துவிட்டது.

1986ல் வந்த ‘ஒற்றைப்படை நாள்களில் வாகனம் நிறுத்தக்கூடாது’ என்பதும் தனிநடிப்பு நாடகமே. வாகன நிறுத்த அபராதம் பெற்ற ஒரு தந்தையின் கதை. அறிவிப்புப் பலகைகள் வைக்கப்பட்ட முறையே தவறு என்று மகன் சொல்கிறான். போராடுங்கள் என்று அப்பாவைத் தூண்டுகிறான். அப்பாவும் முயல்கிறார். முடிவில் அபராதம் கட்டத்தான் வேண்டியிருக்கிறது. தந்தைக்குப் போனது சில வெள்ளி. மகனுக்குப் போனது அதைவிடப் பெரிது. அபராதச் சீட்டு என்ற அற்பப் பொருளை வைத்து ஒரு தலைமுறையின் துணிவு எப்படித் தேய்கிறது என்பதைச் சொல்லிவிட்டார் குவோ.

இந்த இரு நாடகங்களும் குவோவை ஆங்கில மேடையின் பார்வையாளர்களிடமும் கொண்டுசேர்த்தன. அதுவரை சிங்கப்பூரில் நாடகம் என்பது மொழிவாரியாகப் பிரிந்து கிடந்தது. சீன நாடகம் பார்ப்பவர் ஆங்கில நாடகத்திற்குப் போவதில்லை. மலாய் நாடகமும் தமிழ் நாடகமும் தத்தம் வட்டத்துக்குள்ளேயே நடந்தன. ஒரே தெருவில் நான்கு மேடைகள். ஒன்றின் ஒலி மற்றதற்குக் கேட்காது.

அந்தச் சுவரில் கதவு திறந்ததுதான் 1988ன் ‘பூனையைத் தேடும் அம்மா’. ஆங்கிலம், மாண்டரின், தமிழ், ஹொக்கியன், டியோச்சியூ, கேண்டனீஸ் எனப் பல மொழிகள் ஒரே மேடையில், மொழிபெயர்ப்பின்றி ஒலித்தன. 1979ல் மாண்டரின் பேசும் இயக்கம் தொடங்கியிருந்தது. சீன வட்டார மொழிகள் வானொலி, தொலைக்காட்சியிலிருந்து மறைந்துகொண்டிருந்தன. 1987 முதல் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே முதல் மொழி. இதன் விலையை வீட்டுக்குள் யார் கொடுத்தார்கள்? தாத்தா பாட்டிகள் கொடுத்தார்கள். பேரப் பிள்ளைகளோடு பேச மொழியில்லாமல் போனவர்கள் அவர்கள். நாடகத்தில் வரும் தாய்க்குப் பேச்சுத்துணை பூனை ஒன்றுதான். அதுவும் தொலைந்தால்?

அரங்கில் அமர்ந்திருந்த எவருக்கும் எல்லா வசனமும் புரிந்திருக்காது. அதுவே இயக்குநரின் நோக்கம். தனக்குப் புரியாத மொழியில் பக்கத்து இருக்கைக்காரர் சிரிக்கும்போது, இதுவரை தாம் எதைத் தவறவிட்டோம் என்று ஒருவர் யோசிக்க வேண்டும். தமிழ் முதியவர் மேடையில் நிற்பது சிறிது நேரமே. அந்தச் சிறிது நேரம் போதுமா என்று தமிழர்கள் கேட்பதில் நியாயம் உண்டு. ஆனால் வேடிக்கைக்காகவோ நாலு இனமும் உண்டு என்று கணக்குக் காட்டவோ கொண்டுவரப்பட்ட பாத்திரம் அன்று அது. நாடகத்தின் உயிரான காட்சி அவர் கையில் இருந்தது. இதே 1988ல்தான் ரவீந்திரன் நாடகக் குழு தோன்றி, சிங்கப்பூர்த் தமிழ் மேடைக்குப் புது வேகம் தந்தது என்பதையும் இங்கு நினைவில் கொள்ளலாம்.

ஆர்மீனியன் ஸ்திரீட், எண் 45

நாடகங்களைப் பற்றிப் பேசினால் பேசிக்கொண்டே போகலாம். குவோவின் நான்காவது முகம் முழுமையாகத் தெரிவது ஆர்மீனியன் ஸ்திரீட்டில்.

ஸ்டாம்ஃபர்ட் ரோட்டுப் பழைய தேசிய நூலகத்திலிருந்து சில நிமிட நடையில், 45ஆம் எண்ணில், 1920களில் கட்டப்பட்ட துணைமின்நிலையம் ஒன்று இருந்தது. மின்சாரம் போய்ப் பல ஆண்டுகளாயின. கட்டடம் வெறுமையாகக் கிடந்தது. நகரின் நடுவில் இப்படிக் கிடக்கும் கட்டடத்தைப் பார்த்தால் ஒருவருக்குக் கடை தோன்றும், இன்னொருவருக்கு ஹோட்டல் தோன்றும். குவோவுக்குக் கலைஞர்களின் வீடு தோன்றியது. 1985ல் அதைக் கலை மையமாக்கலாம் என்ற திட்டத்தை அதிகாரிகளிடம் கொண்டுசென்றார்.

யார் யாரிடம் கேட்டார் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். ஐந்தாண்டுக்கு முன்புதான் சிறையிலிருந்து வந்தவர், குடியுரிமை இல்லாதவர், தம்மை அடைத்து வைத்த அதே அரசாங்கத்திடம் ஒரு கட்டடம் கேட்கிறார். அந்த அரசாங்கமும் கடைசியில் கொடுத்தது. இதில் இரு தரப்பையும் பாராட்டத்தான் வேண்டும். பழைய கட்டடங்களைக் கலைக் குழுக்களுக்குக் கொடுக்கும் திட்டம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. பொருளாதாரத்தில் முன்னேறிய நாட்டுக்குக் கலையும் வேண்டும் என்ற எண்ணம் அதிகாரிகளிடையே வளர்ந்துவந்தது. காலம் கனிந்திருந்தது. ஆனால் கனிந்ததைப் பறிக்க ஏணியோடு ஒருவர் நிற்கவும் வேண்டுமே.

ஐந்தாண்டுகள் பிடித்தன. புதுப்பிப்புப் பணிக்கும் நடத்தும் செலவுக்கும் பணம் திரட்ட வேண்டியிருந்தது. 1990 செப்டம்பர் 16ஆம் நாள் ‘தி சப்ஸ்டேஷன்’ திறக்கப்பட்டது. கட்டடத்தின் பழைய வேலையையே பெயராக வைத்துக்கொண்டார்கள். உள்ளே நூற்றுச் சொச்சம் பேர் அமரும் சிறு அரங்கு. கொடையளித்த மதுபான நிறுவனத்தின் பெயரால் அது கின்னஸ் அரங்கு என்று அழைக்கப்பட்டது. ஓர் ஓவியக் கூடம், நடன அறை, பின்புறம் மரங்களோடு ஒரு தோட்டம். சிங்கப்பூரில் அரசாங்கமோ பெரிய நிறுவனமோ நடத்தாத, எல்லாக் கலைகளுக்கும் பொதுவான முதல் மையம் அது. முதல் கலை இயக்குநர் குவோ.

அவர் அதை எப்படி நடத்தினார் என்பதுதான் முக்கியம். தம் சொந்தக் குழுவுக்கு ஓர் அரங்கு கட்டிக்கொண்டிருக்கலாம். பலர் அப்படித்தான் செய்வார்கள். குவோ கதவை எல்லாருக்கும் திறந்தார். முதல் நாடகத்தை எழுதிய மாணவர், எங்கும் காட்சி வைக்க முடியாத ஓவியர், தோட்டத்தில் கிதாரோடு கத்திப் பாடும் இளைஞர் கூட்டம், கவிதை வாசிப்பவர், குறும்படம் எடுப்பவர் எல்லாரும் வந்தார்கள். மலாய்க்காரர் வந்தார், இந்தியர் வந்தார். தத்தம் மொழி மேடையில் மட்டுமே இயங்கியவர்கள் ஒரே வாசலில் ஒருவரையொருவர் சந்தித்தார்கள். நாடகங்கள் ஒருபுறமிருக்க, கலை, நகரம், மரபு பற்றிய கருத்தரங்குகளும் நடந்தன. கலைஞரும் கல்வியாளரும் அதிகாரியும் ஒரே மேசையில் வாதிட்ட அரிய நாள்கள் அவை.

எளிதான வெற்றியைவிடத் தகுதியுள்ள தோல்வி மேலானது என்பது குவோ அடிக்கடி வலியுறுத்திய கருத்து. முயலைத் தைத்த அம்பையும் யானைக்குத் தப்பிய வேலையும் ஒப்பிட்ட வள்ளுவரைப் படித்த தமிழர்களுக்கு இது புதிதாகப் படாது. கேட்க இனிமையான கருத்துதான். ஆனால் வாடகை கட்ட வேண்டிய நிர்வாகி ஒருவர் இதைச் சொல்வது வேறு. நுழைவுச்சீட்டு விற்குமா என்று கேட்காமல், இதைச் செய்துபார்க்க வேண்டுமா என்று கேட்டு நிகழ்ச்சியைத் தேர்ந்தெடுத்தால், மாதக் கடைசியில் கணக்கு இடிக்கும். அந்த இடியைத் தாங்கத்தான் அவர் கொடையாளர்களைத் தேடி அலைந்தார். மேடையேற்ற வேண்டுமானால் நாடகப் பிரதியைக் கொடுத்து உரிமம் பெற வேண்டிய காலம் அது. உரிமத்தின் வேதனையை அவரைவிட நன்கு அறிந்தவர் யார்? தடைபட்ட நாடகங்களின் ஆசிரியர் அல்லவா? எனினும் அதிகாரிகளோடு பேசுவதை அவர் நிறுத்தவில்லை. சண்டை போட்டுக் கதவை மூடிக்கொள்வதும், தலையாட்டிவிட்டு உள்ளே போவதும் எளிது. இவ்விரண்டும் இல்லாத மூன்றாவது வழி ஒன்றை அவர் நடந்து காட்டினார்.

கலைக்கான நாட்டின் மிக உயரிய விருதான கலாசாரப் பதக்கம் அவருக்குக் கிடைத்தது, குடியுரிமை திரும்பக் கிடைப்பதற்கு முன்பே. நாட்டின் பதக்கம் மார்பில் இருக்க, நாட்டின் கடப்பிதழ் கையில் இல்லாத நிலை. 1992ல்தான் குடியுரிமை மீண்டும் வழங்கப்பட்டது. கோ லே குவான் 1995ல் நடனத்துக்காகக் கலாசாரப் பதக்கம் பெற்றார்.

1995ல் குவோ சப்ஸ்டேஷன் பொறுப்பிலிருந்து விலகினார். ஐந்தாண்டு நடத்திவிட்டு, இன்னும் செல்வாக்கு இருக்கும்போதே அடுத்தவரிடம் ஒப்படைத்தார். நிறுவனங்களை உருவாக்கியவர்களிடம் எளிதில் காணக் கிடைக்காத பண்பு இது. நம் சங்கங்களில் எத்தனை தலைவர்கள் நாற்காலியை இப்படி விட்டிருக்கிறார்கள் என்று எண்ணினால் விரல்கள் மிஞ்சும். அவருக்குப் பின் பொறுப்பேற்றவர் டி. சசிதரன், நாடக நடிகராகவும் நாளிதழில் கலை விமர்சகராகவும் அறியப்பட்டவர்.

தளபதியும் பள்ளியும்

அதே 1995ல் குவோவின் ‘அண்ணகத் தளபதியின் வழித்தோன்றல்கள்’ ஓங் கெங் சென் இயக்கத்தில் மேடையேறியது. மலாக்காவுக்குப் போனவர்கள் எல்லாரும் செங் ஹோவின் பெயரைக் கேட்டிருப்பார்கள். 1405 முதல் 1433 வரை ஏழு முறை மாபெரும் கப்பற்படையோடு தென்கடல்களில் வலம்வந்த சீனத் தளபதி. சிறுவயதிலேயே ஆண்மை நீக்கப்பட்டு அரண்மனைப் பணியில் சேர்க்கப்பட்டவர். அதிகாரம் பெறுவதற்காக மனிதர் தம்மில் எதை இழக்கிறார், வேரறுந்து கடலில் அலைபவருக்கு எது ஊர் என்று அந்த நாடகம் கேட்டது. உயர்ந்த பதவியும் நல்ல சம்பளமும் பெற்ற சிங்கப்பூரர்கள் அதில் தங்களைக் கண்டு துணுக்குற்றார்கள். பத்து வயதில் கடல் தாண்டி வந்து, பின்பு நாடற்றவராக்கப்பட்ட ஒருவர் எழுதியது என்று தெரிந்து பார்த்தால் அதன் கனம் புரியும்.

மலேசியாவின் தலைசிறந்த நாடக இயக்குநரும் விமர்சகருமான கிருஷன் ஜித், குவோவின் நாடகத் தொகுப்புக்கு 1990ல் முன்னுரை எழுதி, சிங்கப்பூர் நாடகத்தின் எதிர்காலத்தை அவரிடம் கண்டார். பாலத்தின் இரு பக்கமும் குவோவை அறிந்திருந்தது.

கடைசியாக அவர் கட்டியதும் ஒரு பள்ளிதான். 2000ல் சசிதரனோடு சேர்ந்து நாடகப் பயிற்சி, ஆய்வுத் திட்டம் ஒன்றைத் தொடங்கினார். பல நாட்டு மாணவர்கள் ஒன்றாகப் பயின்று, மேற்கத்திய நடிப்பு முறையோடு ஆசியாவின் செவ்வியல் மரபுகளையும் உடலில் ஏற்றிக்கொள்ள வேண்டும் என்பது திட்டம். பெய்ஜிங் ஆப்பரா, ஜப்பானின் நோ, ஜாவாவின் வாயாங் வோங் ஆகியவற்றோடு கேரளத்தின் கூடியாட்டமும் அந்தப் பள்ளியின் பாடமாயிற்று. சீன மாணவர் கூடியாட்டத்துக்குக் கண் பயிற்சி செய்ய, இந்திய மாணவர் பெய்ஜிங் ஆப்பரா நடை பழகினார். ‘பூனையைத் தேடும் அம்மா’வில் இரு முதியவர்கள் சில நிமிடம் செய்ததை, மூன்றாண்டுப் பாடமாக்கியது போன்ற ஏற்பாடு. பிற்காலத்தில் இப்பள்ளி பெயர் மாறி, பண்பாட்டிடை நாடகக் கழகமாயிற்று. அதை நடத்திவந்த சசிதரனுக்கு 2012ல் கலாசாரப் பதக்கம் கிடைத்தது.

அப்போதே குவோவைப் புற்றுநோய் பற்றியிருந்தது. 2002 செப்டம்பர் 10ஆம் நாள், 63 வயதில் காலமானார். ஒரு மாதம் சற்றுக் கடந்து, அக்டோபர் 12ஆம் நாள், சுமார் 600 மில்லியன் வெள்ளியில் கட்டப்பட்ட எஸ்பிளனேட் கலையரங்கம் திறக்கப்பட்டது. கைவிடப்பட்ட மின்நிலையத்தில் நூற்றுச் சொச்சம் இருக்கையோடு தொடங்கியவர், ஆயிரக்கணக்கில் இருக்கை கொண்ட அந்த அரங்கத்தின் திறப்பைப் பார்க்கவில்லை. அந்தப் பெரிய அரங்கில் பின்னாளில் ஏறிய கலைஞர்கள் பலர், முதலில் தடுமாறி விழுந்து எழுந்தது ஆர்மீனியன் ஸ்திரீட்டின் சிறிய அரங்கில்தான்.

அவர் உருவாக்கிய நாடகக் குழுவின் கலை இயக்குநர் பொறுப்பை மூத்த மகள் குவோ ஜியான் ஹோங் பின்னாளில் ஏற்றார். சப்ஸ்டேஷனுக்கு அந்த அளவு நல்லூழ் வாய்க்கவில்லை. கட்டடம் என்றுமே அதற்குச் சொந்தமாக இருந்ததில்லை. நகரத்தின் நடுவில் இருந்த வாடகை வீடு அது. தோட்டத்தின் ஒரு பகுதி உணவுக்கடைக்கு வாடகைக்கு விடப்பட்டபோதே பழைய கலைஞர்கள் பலர் மனம் வருந்தினார்கள். நடத்தும் செலவு கூடிக்கொண்டே போனது. கட்டடத்தைப் புதுப்பிக்க வேண்டும் என்றும், புதுப்பித்தபின் பல கலைக் குழுக்கள் அதைப் பகிர்ந்துகொள்ளும் என்றும் தேசியக் கலை மன்றம் முடிவு செய்தது. வாடகைதாரர் பலரில் ஒருவராகத் திரும்பி வருவது சப்ஸ்டேஷனாக இருப்பதாகாது என்று அதன் வாரியம் கருதியது. 2021 மார்ச்சில், மையத்தை மூடப்போவதாக அறிவித்தது. கலைஞர்கள் கூட்டம் கூடிப் பேசினார்கள். வாரியத்திலும் மாற்றம் வந்தது. நிறுவனத்தை மூடாமல், கட்டடம் இல்லாத கலை நிறுவனமாகத் தொடர்வது என்று முடிவாயிற்று. 2021 ஜூலை இறுதிக்குள் 45ஆம் எண் கட்டடம் காலி செய்யப்பட்டு ஒப்படைக்கப்பட்டது.